கோபுரம் மறைச்சான்

— அட இன்னா சாமி நீ, செத்த மீனாண்ட வந்து பேரு இன்னா, அர்த்தம் இன்னான்னு கேட்டுகினு கீற! அது வாயத் தொறந்துகினுதானே கெடக்குது, அதாண்டயே கேளேன்.

— மீனிடம் கேட்கவில்லை அம்மா. மீனுக்குப் பேர் வைத்தவர்களிடம் கேட்கிறேன். ஆறடி இரண்டங்குலம். வாலை நேராக வைத்தால் இன்னும் ஓர் அங்குலம் கூடும். இந்த நாடா நுனியைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க. உங்க பேர் என்ன சொன்னீங்க?

— குப்பம்மா. அதுக்கும் அர்த்தம் வோணுமா? எனக்கு முன்னால ரெண்டு கொழந்த பொறந்து நிக்கல. மூணாவதா என்னைக் குப்பையில போட்டு எடுத்தாங்க. எழுதிக்க.

— அது வேண்டாம். இது மீனகராதி. மீனைப் பிடிச்சது உங்க வீட்டுக்காரர் வரதன்தானே?

— அதோ கட்டுமரத்து மேல குந்திகினு கீதே, அதான். காலையிலேர்ந்து மீனவிடப் பெரிசா வாயத் தொறந்துகினு கீது.

— சும்மா கெட மே. வணக்கம் சாமி. பண்டிதரு அய்யாத்துரைன்றது நீதானா? ஒரு வாரமா நோட்டும் குடையுமா கரையில சுத்திகினு கீறியே, பாத்துகினுதான் இருந்தேன். இது களவா. நீ எண்ணூர் போய்க் கேளு, காசிமேடு போய்க் கேளு, களவான்னுதான் சொல்லுவான். எழுதிகினு கெளம்பு. வெயில் ஏறுது பாரு.

— களவா எனக்குத் தெரியும். களவாவுக்கு ஏற்கெனவே ஒன்றரைப் பக்கம் எழுதியாச்சு. பாறை இடுக்கில் மறைந்திருந்து, இரையைக் களவாகக் கவர்வதால் களவா. அதாவது, பழந்தமிழர் வாழ்வில் களவு, கற்பு என்று இரண்டு ஒழுக்கம் உண்டு. அதில் முதலாவதை...

— அய்ய! இன்னா சாமி திருட்டுப் பட்டம் கட்டுற! அது பாட்டுக்கு அது வூட்டுல குந்திகினு இருந்துச்சு. இந்த மன்சன்தான் தூண்டிலைப் போட்டு இஸ்துகினு வந்துச்சு. யாரு திருடன்?

— நல்ல கேள்வி. குறித்துக்கொள்கிறேன். ஆனால் வரதன், விடியற்காலையில் ஏலக்காரர் 'ஒரு களவா' என்று கூவினபோது நீங்க மீன்மேல் ஏறி நின்று வேறொரு பேர் சொன்னீங்களாமே.

— நானா?

— சந்நிதித் தெருவில் காப்பி குடிச்சிட்டிருந்த எனக்கே சேதி வந்துட்டுது. 'எவன்டா களவான்னது? இது கோபுரம் மறைச்சான்டா!' அப்படித்தானே?

— அது வந்து சாமி... ஒரு சந்தோசத்துல...

— சந்தோசத்துல அதுக்கு வாய்தான் சாமி மொதல்ல வரும். மதுவெலக்கு வந்து எத்தினி வருசமாச்சு? இந்த ஆளுக்குப் பெரிய மீனே சாராயம். ஏறி நின்னுகினு இன்னான்னாவோ ஒளறும். அதெல்லாம் பேரா? அத்தயெல்லாம் புஸ்தகத்துல போடுவாங்களா?

— அதைத்தான் போடணும். களவா என்று யாரும் சொல்லுவான். கோபுரம் மறைச்சான் என்பது இந்த ஒரு குப்பத்தில் மட்டும் உள்ள பேர். நான் யார் தெரியுமா? அரசாங்கச் சொல்லாக்கக் குழுவில் மீன் பிரிவுக்குத் தனிப் பண்டிதன். ஒவ்வொரு மீனுக்கும் மூன்று கட்டம் போட்டிருக்கேன். முதல் கட்டம் பேர். இரண்டாவது, பேரின் பொருள். மூன்றாவது, கிடைக்குமிடம். அச்சானதும் முதல் பிரதிகள் எங்கே போகுது தெரியுமா? புதுசா விடப்போற எஞ்சின் படகு ஒவ்வொன்றிலும் ஒன்று.

— எஞ்சின் போட்டுக்குப் புஸ்தகம் இன்னாத்துக்கு சாமி? வேர்த்தா விசிறிக்கவா?

— படிக்க, அம்மா. அறிவு கடலுக்கும் போய்ச் சேரணும். இருங்க, படிவமும் கார்பன் தாளும் ரிக்சாவில் இருக்கு. மூன்று பிரதி எடுக்கணும். எடுத்துட்டு வாறேன். மீனை யாரும் தொடவேண்டாம்.

— யோவ். போயிட்டாரா?

— ரிக்சாவாண்ட போறாரு. செருப்புல மண்ணு பூந்துகிச்சு போல, ஒத்தக் கால்ல ஆடிகினு கீறாரு.

— அவரு ஆடட்டும். நீ ஆடினதுக்கு இன்னா சொல்ற? அது கட்டுமரத்துல மட்டும் பேசற பேருய்யா! நான் வாக்கப்பட்டு ஏழு வருசம் கழிச்சுத்தான் நீ எனக்கே சொன்ன.

— வாய் தவறிப் போச்சு மே.

— வாய் தவறல. மீனுமேல ஏறி நின்னுகினு, இடுப்புல கைய வச்சுகினு, நெஞ்ச நிமுத்திகினு தவறிச்சு. நான்தான் பாத்தேனே.

— அத்த வுடு. பேருதானே போச்சு. பேர வச்சுகினு அவன் இன்னா பண்ணிடுவான்?

— பேர வச்சுகினு இன்னா பண்ணுவானா? நீ எப்டிய்யா போற அந்தப் பாருக்கு? கடலுக்கு அடியில கீற கல்லு, கண்ணுக்குத் தெரியுதா? சொல்லு.

— கெயக்கால துடுப்பு வலிச்சுகினு போவேன். கரையத் திரும்பித் திரும்பிப் பாத்துகினே போவேன். ஆலையோட பொகக் குழா மெதுவா நவுந்து நவுந்து வந்து சாமி கோயில் கோபுரத்த மறைச்சிரும். அந்தக் கோட்ட வுடாம புடிச்சுகினே போனா, தெக்கால மாதா கோயில் சிலுவைக்குப் பின்னால லைட் அவுஸ் வந்து நிக்கும். சிலுவையத் தோள்ல சொமக்கறாப்பல. ரெண்டும் ஒண்ணாச் சேர்ற எடத்துல தூண்டிலப் போட்டா அதான் அந்தப் பாரு.

— கோபுரம் மறைச்சான், சிலுவை சொமந்தான். இது மீனுக்குப் பேரா? மீனு வூட்டுக்கு வெலாசம்யா! வெலாசத்த ஏலத்துல கூவியிருக்க.

— பாதிதானே மே கூவினேன்!

— மீதிப் பாதிக்குத்தான் அவரு காயிதம் எடுத்தாரப் போயிருக்காரு. நம்ம குப்பத்து நாட்டாரு நீலமேகம் கொஞ்ச நேரம் முன்ன வந்து என்னாண்ட இன்னா சொன்னாரு தெரியுமா? 'பண்டிதரு அர்த்தம் தெரிஞ்சுகினு இந்தக் கரையத் தாண்டினாருன்னா, உன் புருசன் மரத்த ஒரு வருசத்துக்குக் கரையேத்திருவோம்'னாரு.

— ஒரு வருசமா!

— பின்ன? எட்டு கட்டுமரம் அந்த ஒத்தக் கல்ல நம்பிக் கீது. மத்த மீனு ஒதுங்கிப் போற காலத்துல அந்தக் கல்லுதான் சோறு. வருசத்துக்கு இத்தினி மீனுக்கு மேல அங்க எடுக்கக் கூடாதுன்னு நீங்களே பேசிவச்சு வாய மூடிகினு கீறீங்க. எஞ்சின் போட்டுக்காரன் பேசி வைப்பானா? ஒரு வாரம் வந்து வலைய இஸ்தான்னா கல்லு மொட்டையாப் பூடும்.

— தெரியும் மே. எங்கப்பன் காலத்துல அங்க குழா இல்ல, பெரிய புளியமரம். மரத்த வெட்டிட்டு ஆலை வச்சானுங்க. அடையாளம் போச்சு, பாரும் போச்சுன்னு குப்பமே அயுதுச்சு. நல்லவேள, எந்தப் புண்ணியவானோ மரம் இருந்த எடத்துலயே குழா வச்சான். ஆலை வந்து மெட்ராசுக்கு நல்லது நடந்த கத அது ஒண்ணுதான்.

— அதத் தொலைக்கத்தான் நீ மீனுமேல ஏறுன. வராரு. இதப் பாரு, நான் இன்னா சொன்னாலும் தலைய ஆட்டு. உன் வாயி வோணாம்.

— ம்.

— இதோ படிவம். வரதன், நீங்க இப்படி வந்து உட்காருங்க. முதல் கட்டம், பேர்: கோபுரம் மறைச்சான். இரண்டாம் கட்டம், பொருள். சொல்லுங்க.

— அது வந்து சாமி, ரொம்பப் பெரிய மீனு. எழுந்து நின்னா கோபுரத்தையே மறைக்கும். அதான்.

— உயர்வு நவிற்சி அணி. அழகு. ஆனால் எங்கே நின்று பார்த்தால் மறைக்கும்?

— எங்க நின்னா... எங்க நின்னான்னா சாமி...

— யோவ், நீ தலைய மட்டும் ஆட்டு! அது இன்னா சொல்லுதுன்னா சாமி, கோபுரம்னா கோயில் கோபுரம் இல்ல. சோத்துக் கோபுரம். தட்டுல சோத்தக் குவிச்சு வச்சு, மேல இந்த மீன்ல ஒரே ஒரு துண்டு வச்சாப் போதும். கீய சோறு கீறதே தெரியாது. அத்தாம்பெரிய துண்டு. அதான் கோபுரம் மறைச்சான். மெய்யாலுமே.

— சோறா?

— சோறுதான். நாங்க இன்னாத்துக்கு சாமி கோயில் கோபுரத்தப் பத்திப் பேசப் போறோம்? எங்களுக்கு அண்ணாந்து பாக்க நேரமேது?

— ஒருவர் கோயில் என்கிறார். ஒருவர் சோறு என்கிறார். ஆய்வு நோக்கில் இரண்டும் தவறு.

— தப்பா?

— கேட்டுக்கிடுங்க. மீன் யாருடைய கொடி? பாண்டியர் கொடி. கோபுரம் யாருடையது? இது சோழர் மண்; கோபுரம் சோழருடையது. ஆகவே மீன் கோபுரத்தை மறைத்தது என்றால் என்ன? பாண்டியர் படை இந்தக் கரையில் வந்து இறங்கி, தங்கள் மீன்கொடியை உயர்த்தி, சோழர் கோபுரத்தை மறைத்தது! வரலாறு மறந்துபோனதை இந்தக் குப்பம் ஒரு மீனின் பேரில் காப்பாத்தி வச்சிருக்கு.

— அடேங்கப்பா! ஆமா சாமி! பாண்டியன்தான்! எங்கப்பன்கூட அடிக்கடி பாண்டியன் பாண்டியன்னு சொல்லுவாரு.

— உங்கப்பன் சொன்னது எதிர் வூட்டுப் பாண்டியனைய்யா. ராவுல நம்ம துடுப்பத் தூக்கிகினு போனானே, அவன.

— ரெண்டும் ஒண்ணுதான் மே! தூக்கிகினு போறதுதானே!

— பாண்டியர். எழுதியாச்சு. எங்க டைரக்டருக்கு மீனில் தலை எது, வால் எது என்று தெரியாது. ஆனால் பாண்டியர் என்று ஒரு சொல் கண்ணில் பட்டால் உடனே கையெழுத்துப் போட்டுருவார். சோறு என்று எழுதினால் விளக்கம் கேட்பார்.

— அப்ப பாண்டியனே இருக்கட்டும் சாமி. சோத்த வுட்டுரு. நாங்க வூட்டுல வச்சுக்கறோம்.

— சரி. மீதிப் பேர் என்ன?

— மீதியா?

— இந்த மாதிரிப் பேர் ஒற்றையா வராது. ஜோடியாத்தான் வரும். ஒரு கோடு போதாதுல்லா.

— கோடா? இன்னா கோடு சாமி?

— அதாவது... யாப்பில். ஓரடி போதாது, ஈரடி வேணும் என்கிறேன். கோபுரம் மறைச்சான், அதற்குப் பிறகு?

— அது வந்து சாமி, சி...

— வயிறு நெறைச்சான்! கோபுரம் மறைச்சான், வயிறு நெறைச்சான். அவ்ளோதான். எங்க குப்பத்துல பொறந்த கொழந்தையக் கேட்டாலும் சொல்லும். இன்னாய்யா, தலைய ஆட்டு.

— ஆமா ஆமா.

— மறைச்சான், நிறைச்சான். மோனை இல்லை. எதுகை பிரமாதம். பாண்டியர் படை வயிறு நிறைய உண்டு திரும்பியது என்று கொள்ளலாம். அம்மா, நீங்க புலவராப் பிறந்திருக்கவேண்டியவங்க.

— மீனு விக்கறதுக்கே அதான் சாமி வோணும். நேத்திப் புடிச்சத இன்னிக்குப் புடிச்சதுன்னு சொல்றோமே, அது இன்னா, பாட்டு இல்லியா?

— இருங்க, இதன் வாயைப் பார்க்கிறேன். தூண்டில் முள் கடைவாயில் ஏறியிருக்கு. உதட்டில் பாறை உரசின தழும்பு. கயிற்றை விட்டு விட்டுப் பிடிச்சிருக்கீங்க. கை அறுத்திருக்குமே. ஆழம் பன்னிரண்டு பாகம் இருக்குமா?

— பன்னண்டு இல்ல சாமி, பதினா...

— யோவ்! சாமிக்குப் பாக்கு வெத்தல வோணுமான்னு கேளு, போ. இன்னா பண்டிதரே, பாகம் கணக்கெல்லாம் பேசறீங்க? கரையில குடை புடிச்சுகினு நடக்கிறவங்களுக்கு ஆழத்தப் பத்தி இன்னா தெரியும்?

— நிகண்டில் உண்டு அம்மா. படிச்சவனுக்குக் கடல் எல்லாம் முழங்கால் ஆழம்தான். என் முதல் நூல் பார்த்திருக்கீங்களா? தென்கரை மீன்பெயர் விளக்கம். எங்க ஊர்க் கடற்கரையில் இருந்தே எழுதினேன். அதில் பனை இரண்டான் என்று ஒரு மீனுக்கு நான் கொடுத்த விளக்கம் வெகுவாப் பாராட்டப்பட்டது. மூணே மாசத்தில் பிரதி எல்லாம் தீர்ந்துபோச்சு.

— அத்தினி பேரா படிச்சாங்க?

— எஞ்சின் லாஞ்சு முதலாளிமார் மட்டுமே நூற்றைம்பது பிரதி வாங்கினாங்க.

— லாஞ்சு மொதலாளி தமிழ்ப் புஸ்தகம் வாங்கினானா? மெய்யாலுமே?

— எழுத்தே தெரியாத ஒருத்தர் ஆள் வச்சுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பொருள் என்கிற கட்டத்தை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னாராம். அப்போ எனக்கு ரொம்பப் பெருமையா இருந்தது.

— ஊர்ல உன்னத் தூக்கி வச்சு ஆடியிருப்பாங்களே சாமி.

— சந்தன மாலை போட்டாங்க. மேடை, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு.

— ஊருக்காரங்களா?

— லாஞ்சு முதலாளிமார்.

— உன் வூட்டு மன்சங்க?

— அண்ணன் ஒருத்தர் உண்டு. என்னிடம் பேசி ஆறு வருசம் ஆகுது.

— அய்ய, ஏனாம்?

— பொறாமை. படிச்சவனைக் கண்டா... அதை விடுங்க. மூன்றாம் கட்டம். கிடைக்குமிடம்.

— கடல்ல சாமி.

— கடல் பெரிசு வரதன்.

— ஆமா சாமி. ரொம்பப் பெரிசு.

— அது இன்னா பேசுது பாரு! எண்ணூர் கழிமொகத்துல சாமி. ஆறு வந்து கடல்ல கலக்குதே, அங்க. சேத்துல.

— சேற்றிலா?

— சேத்துலதான். முட்டிக்கால் சேறு. கலீஜான எடம். போட்டு கீட்டு உள்ள வந்தா மாட்டிக்கும். போவவே முடியாது.

— அம்மா, களவா சேற்றில் இருக்காது. பாறையில்தான் இருக்கும். ஒன்றரைப் பக்கம் எழுதினேன் என்றேனே. இந்த உதட்டுத் தழும்பு சேற்றில் வந்ததா?

— இது... இது வழி தவறிப் போயிருச்சு சாமி. எங்கூட்டு ஆளு மாதிரி. எங்கியோ போவவேண்டியது எங்கியோ போய் வாயத் தொறந்து மாட்டிகிச்சு.

— அப்படியா.

— ஆமா.

— சேறு. எழுதிட்டேன். எண்ணூர்க் கழிமுகம், சேற்று நிலம். வரதன், கீழே கையெழுத்து. 'மேற்கண்ட யாவும் மெய்.' கைநாட்டா, கையெழுத்தா?

— மூணாங்கிளாஸ் வரைக்கும் போயிருக்கேன் சாமி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்தும் போடுவேன்.

— நல்லது. இங்கே.

— 'யாவும் மெய்'யா?

— ஆமா.

— போடுய்யா. பேனாவப் புடிச்சுகினு இன்னா பாத்துகினு கீற?

— இல்ல மே. மீன் மேல கைய வச்சுகினு பொய்யி... எங்கப்பன் புடிச்ச மீனாண்ட நின்னுகினு பொய் பேச மாட்டாரு. அடுத்த தபா கயிறு அறுந்துரும்னுவாரு. சாமி, நீ பாவம், வேகாத வெயில்ல ரிக்சா புடிச்சு வந்திருக்க. பாண்டியன் அது இதுன்னு எங்கள இத்தினி ஒசத்திப் பேசுற. உன்னாண்ட நான் ஒரு விசயம்...

— யோவ்! நாசமாப் போறவனே!

— இரு மே. சாமி, அந்தப் பேருக்கு அர்த்தம் பாண்டியனும் இல்ல, சோறும் இல்ல. நான் சொல்றேன், ஆனா நீ...

— சொல்லாதீங்க.

— சாமி?

— சொல்லாதீங்கன்னேன். கட்டம் நிரம்பிட்டுது. இனி எழுத இடம் கிடையாது.

— ஓரத்துல எழுதிக்கலாமே சாமி, இதோ இங்க கொஞ்சம் எடம்...

— அரசாங்கப் படிவத்தில் ஓரத்தில் எழுதக்கூடாது! கேட்டீங்களா? கையெழுத்தைப் போடுங்கன்னா போடுங்க.

— அவர்தான் சொல்றாரே, போடேன்யா! உங்கப்பன் சார்புல நான் கன்னத்துல போட்டுக்கறேன்.

— ம். போட்டுட்டேன்.

— நல்லது. ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று அச்சகத்துக்கு. மூன்றாவது பிரதி தகவல் சொன்னவருக்கு. அது விதி. ஒரு நிமிசம்.

— இன்னும் இன்னா சாமி எழுதற? பென்சில வேற எடுத்துட்ட.

— தேதி போட மறந்துட்டேன். கொஞ்சம் நீளமான தேதி. இந்தாங்க. இப்போ படிக்கவேண்டாம். நான் போனப்புறம் நிதானமாப் படிங்க. என் நடை கொஞ்சம் கடினம்.

— ஐஸ் வண்டி வருது சாமி, ஒதுங்கிக்க. மீன்ல ஒரு துண்டு அறுத்துத் தரட்டா? தலையாண்ட வெட்டித் தாரேன், நல்லாருக்கும்.

— வேண்டாம் அம்மா. நான் இந்த மீன் சாப்பிடுறது இல்லை. ஆறு வருசமாச்சு. வாறேன்.

— போயிட்டாராய்யா?

— போயிட்டாரு. பாரு, ரிக்சாவுல ஏறாம நின்னுகினு கடலப் பாத்துகினு கீறாரு. இப்பத் திரும்பி குழாவைப் பாக்குறாரு. இப்பக் கோபுரத்த.

— ஏறிட்டாரா?

— ஏறிட்டாரு.

— அப்பாடா! இன்னா பேஜாரு புடிச்ச மன்சன்! ஆனா ஒண்ணுய்யா, படிச்சவன் மாதிரி ஏமாற ஊர்ல எவனுமில்ல. பாண்டியனாம், கொடியாம்! நான் கிலோ கணக்குல ஊத்துன பொய்ய அவரு டன் கணக்குல ஆக்கிட்டாரு. போய் நாட்டாராண்ட சொல்லு, மரத்தக் கடல்ல தள்ளலாம்னு. அதுக்கு முன்ன அந்தக் காயிதத்தப் படி. எழுதினது சேறுதானான்னு பாத்துக்கலாம்.

— இரு, கூட்டிப் படிக்கணும். 'பேர்: கோபுரம் மறைச்சான், வயிறு நிறைச்சான். பொருள்: பா-ண்-டி-யப் பேரரசின் கடற்படை எழுச்சியைக் குறிக்கும் வீர நினைவுச் சொல். வேறு பொருள் எதுவும் இப்பகுதி மக்களிடையே வழங்கவில்லை என்பது நேரில் தீர விசாரித்து உறுதி செய்யப்பட்டது. இனி இதை ஆராயத் தேவையில்லை.'

— நல்லா போட்டாருய்யா பூட்டு! எடம்?

— 'கிடைக்குமிடம்: எண்ணூர்க் கழிமுகம், சேற்று நிலம். படகுகள் செல்வது ஆபத்து.'

— ஆபத்துன்னு நான் சொல்லலியே?

— நீ மாட்டிக்கும்னு சொன்ன. அவரு ஒரு படி மேல போயிட்டாரு. இரு மே, பின்னால பென்சில்ல எழுதிக் கீது.

— தேதியா?

— தேதி இல்ல. எனக்குத்தான். 'வரதனுக்கு. இனி யாராவது பொருள் கேட்டு வந்தால், புருசனும் பெண்டாட்டியும் ஒரே பொய்யாகச் சொல்லுங்கள். சிலுவை என்று உங்கள் வாயில் பாதி வந்துவிட்டது.'

— ஐயோ, சாமி! தெரிஞ்சுபோச்சாய்யா அவருக்கு! எல்லாமே தெரிஞ்சுகினேதான் கேட்டாரா? ஓடுய்யா, ரிக்சாவ நிறுத்து!

— இரு, இரு, கத்தாத. இன்னும் கீது. 'எங்கள் ஊர்ப் பாறையில் இருந்த களவாவுக்குப் பனை இரண்டான் என்று பேர். ஒன்றாகத் தெரிகிற பனை இரண்டாகப் பிரியும் இடத்தில் அது கிடைக்கும். அந்தப் பேரை எனக்குச் சொல்லித் தந்தது என் அண்ணன். பொருளோடு அச்சில் போட்டது நான்.'

— அதான் அண்ணன் பேசலியா... அப்புறம்? அப்புறம் இன்னாய்யா எழுதிக் கீது? படி!

— 'இப்போது அந்த மீன் என் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது.'